காட்டாத கால்

டாக்டரம்மாவை வீட்டில் எங்கே வைப்பது என்பதில்தான் முதல் நாள் சண்டை வந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி அறையைப் பூட்டிவிட்டார்கள். நோய் பரவுகிறது, யாரும் வர வேண்டாம், திங்களும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு நானே போனில் வருகிறேன், முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா செய்தி அனுப்பியிருந்தாள். நட்டயா என்று பெயர். இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் படித்தவள்தான் என்றாலும், பான் லேம் ஊர்ப் பக்கத்து உப்பளக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தொட்டுப் பார்க்கிற எல்லாரும் டாக்டர்தான்.

கால் முழுக்கத் தெரியும்படி போனைத் தாழ்வாக வையுங்கள் என்று எழுதியிருந்தாள். லம்யாய் அதைத் தரையில், புருசனின் காலுக்கு எதிரே, கவிழ்த்த சோற்றுச்சட்டியில் சாய்த்து வைத்தாள்.

"என்ன செய்ற நீ?" என்றான் புன்தாம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் பேச்சு வாய்க்குள் வெற்றிலை அடக்கியவன் பேச்சு மாதிரி ஒரு பக்கமாக வழியும்.

"டாக்டரம்மா வரப்போவுது. வைக்கேன்."

"தரையிலயா? எங்காலுக்கு நேராவா? அந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா உள்ளங்கால நீட்டிக்கிட்டு ஒக்காரச் சொல்றியா?"

"அது போனுய்யா."

"போனுக்குள்ள மூஞ்சி இருக்குல்ல."

லம்யாய் போனைத் தரையிலிருந்து எடுத்தாள். அவளுக்கும் அது கூசத்தான் செய்தது. ஒருத்தர் முகத்துக்கு எதிரே கால் நீட்டுகிற பழக்கம் அவள் வளர்ந்த வீட்டிலும் இல்லை. தண்ணீர்ப் பானை மேல் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் புன்தாமின் கால் மட்டத்துக்கு வந்தது. கடைசியில் புத்தர் இருக்கும் பலகைக்கு ஒரு சாண் கீழே, கோயில் காலண்டர் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்துத் தட்டில் ஏற்றி வைத்தாள். மரியாதையான இடம். புன்தாம் தலையைச் சீவிக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் பூட்டிய பயிற்சி அறை தெரிந்தது. நடை பழகும் கம்பிகளுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

"பெரியப்பா, எனக்கு உங்க தலை மட்டும்தான் தெரியுது."

"தல தெரிஞ்சா போதாதா டாக்டரம்மா?"

"தலைக்கு ஒண்ணும் இல்லையே. காலைத்தான பாக்கணும்."

"காலு நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க, நாங்க செய்றோம்."

அவள் சிரித்தாள். சொல்லிக் கொடுத்தாள். லம்யாய் கீழே உட்கார வேண்டும். அவனுடைய இடது குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பாதத்தைத் தன் முன்கையோடு ஒட்டவைத்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து மெதுவாக முன்னால் சாய வேண்டும். கணுக்கால் மடங்கும். முப்பது எண்ணும்வரை பிடித்திருந்து விட வேண்டும். ஒரு வேளைக்கு இருபது தடவை, காலையும் மாலையும்.

"விட்டுட்டா என்னாவும்?" என்று லம்யாய் கேட்டாள்.

"பின்நரம்பு சுருங்கிக்கும் பெரியம்மா. அப்புறம் குதிகால் தரையில ஊணாது. கையும் பேச்சும் மெதுவா வந்தாலும் வரும். குதிகால் போயிட்டா நடை போயிரும். இத மட்டும் விட்டுராதீங்க."

புன்தாம் பிறந்ததிலிருந்து நடந்தது உப்புப் பாத்தி வரப்பில். ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் வழுக்கும். முனைக்காலில் ஊன்றுகிறவன் அதில் பத்தடி போக முடியாது. அதைச் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது.

முதல் இரண்டு வாரம் லம்யாய் ஒரு வேளையும் தவறவில்லை.

ஆனால் அது ஏப்ரல். உப்பளத்துக்கு ஏப்ரலை விட்டால் மாதம் கிடையாது. வெயில் காய்ந்து தள்ளும். மூன்றாம் பாத்தியிலிருந்து தண்ணீர் நாலாம் பாத்திக்கு வரும்போதே உப்பு பனி மாதிரி மேலே படியும். விடியும் முன்னே இறங்கி உப்பை உடைத்து, மரப்பலகையால் இழுத்துக் குவியல் குவியலாகச் சேர்த்து, நீர் வடிந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைந்து கடலுக்குப் போய்விடும். விளைச்சலில் பங்கு வாங்கிக்கொண்டு பாத்தியை வாரத்துக்கு விட்ட நிலக்காரர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. "ஒத்தப் பொம்பளையா முடியுமா ஒனக்கு? முடியலன்னா சொல்லு, நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்று ஒரு தடவைதான் கேட்டார். அந்த ஒரு தடவை போதுமாயிருந்தது. பாத்தி கை மாறினால் அடுத்த வருடம் திரும்பாது.

ஆக ஆணும் பெண்ணும் சேர்ந்து இழுத்த பலகையை அவள் தனியாக இழுத்தாள். தோள்பட்டைக்குள் கண்ணாடித் துண்டு போட்டுக் குலுக்கின மாதிரி இருந்தது. பத்து மணி வெயிலில் வீடு வந்து, பானைச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, பொரித்த அயிலைமீன் ஒன்றும் மிளகாய்த் துவையலும் வைத்து அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவன் காலடியில் உட்காருவாள். எண்ண ஆரம்பிப்பாள். பதினொன்று, பன்னிரண்டு. அதற்கு மேல் எண் இருக்காது.

ஒரு நாள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது அவளுடைய நெற்றி அவன் முழங்காலுக்குக் கீழே, புறங்கால் மேல் கிடந்தது. புன்தாம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். முகம் கறுத்திருந்தது.

"ஒந்தல எங்கால் மேல கெடக்கு" என்றான். "நல்லாவா இருக்கு இது?"

"எழுப்ப வேண்டியதுதான."

"எழுப்பல. இது போதும் விடு. சாயங்காலம் பாத்துக்கலாம்."

சாயங்காலம் கடல் தண்ணீர் ஏற்றுகிற வேலை இருந்தது. மறுநாள் காலையும் அவன் போதும் என்றான். அவளும் போதும் என்று கேட்டுக்கொண்டாள். இருபது பத்தானது. பத்து, படுக்கும் முன்னால் மூன்று நாலு தடவை என்றானது. அப்புறம் அதுவும் இல்லை. ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் புது வருடம் கொண்டாடுகிற சோங்கிரான் பண்டிகை வந்தது. நோய்க்குப் பயந்து அரசாங்கம் தண்ணீர் ஊற்றவும் ஊர் போகவும் கூடாது என்று தடுத்திருந்ததால் வெளியூரில் இருந்த மகள் வரவில்லை. லம்யாய் அன்றும் உப்பில்தான் நின்றாள்.

திங்களும் வியாழனும் ஒன்பது மணியடிக்கும் நேரத்துக்குப் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். உப்புக்கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு வணக்கம் வைப்பாள்.

"செய்றீங்களா பெரியம்மா?"

"செய்றோம் டாக்டரம்மா."

"இருபதும்?"

"இருபதும்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

முதல் தடவை சொல்லும்போது போனைப் பார்க்காமல் தன் உப்புக்கையைப் பார்த்துச் சொன்னாள். நாலாவது தடவை முகம் பார்த்தே சொன்னாள். அதுதான் அவளுக்குப் பின்னால் நினைத்துப் பார்க்கையில் பொறுக்க முடியாமல் இருந்தது.

ஏப்ரல் கடைசித் திங்கள். டாக்டரம்மா அன்று மத்தியானம்தான் வந்தாள், சிரிக்காமல் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பெரியப்பா, இன்னைக்குக் கால் காட்டியே ஆகணும். பெரியம்மா, போனை எடுத்துப் பாதத்துக்குக் கிட்ட கொண்டுபோங்க. கணுக்காலைத் தாங்குற பிளாஸ்டிக் கூடு ஒண்ணு இருக்கு, பாதம் தொங்காம பிடிக்கிறது. எங்கிட்ட மொத்தமே மூணுதான் மிச்சம். யாருக்கு வேணும்னு பாத்துக் குடுக்கணும்."

லம்யாய் தட்டிலிருந்து போனை எடுத்தாள். புன்தாம் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். போன் கீழே இறங்குவதைப் பார்த்ததும் இடுப்பில் கட்டியிருந்த கட்டம்போட்ட துண்டை அவிழ்த்து இடது காலின் மேல் வேகமாகப் போட்டு மூடினான். அந்தக் காலை அவனால் மடக்க முடியாது. ஒதுக்கி வைக்க முடியாது. விரல்கள் ஐந்தும் எதிரே வருகிறவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். வலது காலை மட்டும் பணிவாக மடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முன்னால் வைத்தான். கோயிலில் பிக்குவுக்கு எதிரே உட்காருகிற மாதிரி. வந்தவருக்கு முதலில் நல்லதைக் காட்டி மரியாதை செய்கிறான், அவ்வளவுதான். அவனிடம் வேறு கள்ளம் இல்லை.

லம்யாயின் கை போனோடு அந்த வலது காலுக்குப் போயிற்று. அடுத்தது இடது காலைக் கேட்பாள், அப்போது துண்டை எடுக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததாகத்தான் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"விரலை மேல தூக்குங்க பெரியப்பா."

தூக்கினான். ஐந்து விரலும் மயில் கொண்டை மாதிரி எழுந்தன.

டாக்டரம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. "இன்னொரு தடவை."

மறுபடியும் தூக்கினான்.

"பெரியம்மா, இது வாதம் வந்த கால்தானே?"

லம்யாய்க்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்தது. துண்டுக்குக் கீழே குதிகால் மேலே ஏறிக்கிடப்பது, தான் எண்ணாத எண்கள், துண்டை விலக்கினால் இந்தப் பெண் பிள்ளை ஒரே பார்வையில் கண்டுகொள்வாள் என்பது. புருசனின் மரியாதை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஆமா டாக்டரம்மா."

"எனக்கு அழுகையா வருது பெரியம்மா" என்றாள் அந்தப் பெண். உண்மையாகவே அவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்குக் காலையிலேருந்து ஒரு நல்ல காலைப் பாக்கல. அப்ப உங்களுக்குக் கூடு வேண்டாம். வேற ஒருத்தருக்குக் குடுத்துரட்டுமா?"

"குடுத்துருங்க."

"இந்தப் படத்தை எடுத்து வச்சிருக்கேன். நம்ம போன் குழுவுல போடட்டுமா? முகம் தெரியாது, பாதம் மட்டும்தான். மத்தவங்களுக்கு ஒரு தெம்பு வரும்."

"போடுங்க" என்றாள் லம்யாய்.

குழுவில் நாற்பது வீடுகள் இருந்தன. எல்லாம் கைகால் விழுந்தவர்கள் இருக்கிற வீடுகள். புன்தாமின் வலது பாதம் பதினொரு வினாடி அதில் விரலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. கீழே டாக்டரம்மா எழுதியிருந்தாள்: ஒரு பெரியம்மா தினமும் இரண்டு வேளை விடாமல் செய்ததன் பலன். பதிலுக்குக் கும்பிடுகிற கைப் படங்களாக வந்து குவிந்தன.

மறுநாள் வீடு வீடாக நெற்றியில் சூடு பார்க்கிற சுகாதாரத் தொண்டுப் பெண் சம்னியன் முகக்கவசத்தோடு வந்தாள். வாசலில் நின்றே சத்தம் போட்டாள்.

"அக்கா, நீ உப்பு வாருறதுல கெட்டிக்காரின்னுதான் நெனச்சேன். வைத்தியமும் தெரியுமா? எங்க வீட்டு ஆளுக்கு முதுகு பிடிச்சிருக்கு, வந்து ரெண்டு அழுத்து அழுத்திட்டுப் போயேன்."

"போடி."

"போடிங்காத. டாக்டரம்மா உன்னப் பத்தித்தான் பேசுது எல்லா வீட்டுலயும். எங்கிட்டயே கேட்டுச்சு, அந்தப் பெரியம்மா என்ன சாப்பிடுறாங்கன்னு. அயிலமீனும் புருசன் திட்டும்னு சொல்லிட்டேன்." நெற்றியில் கருவியை வைத்தாள். "சூடு இல்ல. ஆனா ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வெயிலு."

"உங்களுக்கு வேண்டாம்னு சொன்ன கூட்டை நண்டு பிடிக்கிற பிரசோமுக்குக் குடுத்தாங்களாம். மாட்டிக்கிட்டுப் படகு வரைக்கும் நடந்துட்டானாம். உங்க புண்ணியம்."

உள்ளே பாயில் கிடந்த புன்தாமுக்கும் அது கேட்டது. அன்று அவன் சாப்பிடும்போது மீனை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

மே பாதியில் மழை வந்தது. ஒரு மத்தியானம் வானம் கறுத்து இறங்கிப் பாத்தி முழுக்கக் கொப்பளம் கொப்பளமாக அடித்தது. அதற்குள் முக்கால்வாசி உப்பைக் கொட்டகை சேர்த்திருந்தாள். பாத்தி தப்பியது. நிலக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்து, "ஆம்பள கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்றுவிட்டுப் போனார். லம்யாய் நனைந்துகொண்டே நின்றாள். இனி உழைக்க உப்பு இல்லை. அவளுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே நின்றது போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவனைத் தூணைப் பிடித்து நிற்கவைத்தாள். வலது கால் தரையில் பரந்து உட்கார்ந்தது. இடது கால் விரலில் நின்றது. குதிகால் தரையைத் தொடவே இல்லை. அவள் முழங்காலிட்டு அதைப் பிடித்துக் கீழே அமுக்கினாள். புன்தாம் பல்லைக் கடித்தான். அசையவில்லை. காய்ந்த கயிறு மாதிரி பின்நரம்பு விறைத்து நின்றது.

"நாளையிலேருந்து செய்யலாம்" என்றாள்.

"செய்யலாம்" என்றான்.

செய்தார்கள். இப்போது முப்பது தடவை, மூன்று வேளை. ஆனால் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இப்போதெல்லாம் இவர்களோடு இரண்டு நிமிடம்தான் பேசினாள். நல்லாயிருக்கிறவர்களுக்கு ஏன் நேரம். "உங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல பெரியம்மா" என்பாள். வாயைத் திறக்கலாம் என்று லம்யாய் உட்காருவாள். வணக்கம் சொல்லி அவள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கட்டைக் குரல். ஓடிவந்து பேசுகிற மாதிரி மூச்சு வாங்கியது.

"லம்யாயா? நான் ரபியப் பேசுறேன். நீ என்னப் பாத்ததில்ல. குழுவுல இருக்கேன். சம்னியன்கிட்ட நம்பர் வாங்குனேன், கோவிச்சிக்காத."

"சொல்லுக்கா."

"எம்புருசனுக்கும் வாதம். வலது பக்கம். பேச்சு போயிருச்சு. உங்க வீட்டுக்காரர் படத்த ஒரு நாளைக்கு இருபது தடவ போட்டுப் பாக்காரு. அவருக்கும் அதே காலுதான. போட்டுப் பாத்துட்டு என்னப் பாத்து விரல நீட்டுறாரு. நீ சரியாச் செய்யலங்காரு. பேச்சு இல்லாட்டி என்ன, அந்த விரலே வையுது." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நான் நாலு வேள செய்றேன் தங்கச்சி. புத்தர் மேல சத்தியமா நாலு வேள. எங்கையப் பாத்தா நம்புவ. ஆனா அவரு கால்விரலு தூக்க மாட்டேங்குது. நான் எங்க தப்பு பண்றேன்னு சொல்லு."

லம்யாய் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கும் வலதுதான?" என்றாள் ரபியப்.

"ம்."

"அப்ப சொல்லேன். எப்படி அழுத்துவ? எம்புட்டு நேரம்?"

சொல்லியிருக்கலாம். அது நல்ல கால் அக்கா என்று நாலு வார்த்தை. ஆனால் நாற்பது வீடும், டாக்டரம்மாவும், சம்னியனும், நிலக்காரரும் அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்க" என்றாள்.

"இன்னும்மா? அவரு கத்துறாரே."

"கத்துனாலும்."

"சரி. சரி தங்கச்சி. நல்லா இரு. நீ நல்லா இருக்கணும்."

போனை வைத்த பிறகு லம்யாய் அடுப்படியில் போய் நின்றாள். மிளகாய் இடித்தாள். இடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் உரலில் இருந்தது துவையலாக இல்லை, குழம்பாக இருந்தது. முற்றத்தில் எடுத்துக் கொட்டினாள். மறுநாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பார்க்காத ஒரு ஆள் பேச்சில்லாத வாயால் கத்தினான்.

செவ்வாய்க்கிழமை காலை புன்தாமின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்கு அவ கேட்டப்ப நான் ஆமான்னு சொன்னது மரியாதைக்கில்ல. நான் செய்யாம விட்டது தெரிஞ்சிரும்னு சொன்னேன். நீ மூடுன துணிக்குள்ள நான் போய் ஒளிஞ்சிக்கிட்டேன்."

புன்தாம் அவளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான்.

"தெரியும்" என்றான்.

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. நீ பொய் சொல்லும்போது மூக்க சொறிவ."

"பெறகு ஏன் பேசாம இருந்த?"

"நீ தூங்கி விழுந்தப்ப எழுப்பாதவன் நானு. போதும் போதும்னவன் நானு. எந்த வாய வச்சிப் பேச? இருக்குறதே பாதி வாயி." இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னான். "நீ மம்பட்டி கணக்கா ஒழச்சிட்டு வந்து எங்காலப் பிடிச்சிக்கிட்டு இருக்குறதப் பாக்க எனக்கு வெக்கமாயிருந்துச்சு. காலு போனாப் போவுதுன்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப பயமா இருக்கு."

அவள் ரபியப்பைப் பற்றிச் சொன்னாள். இன்னும் அழுத்தச் சொன்னதையும் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் வலது கையை ஊன்றி நிமிர்ந்தான்.

"போன எடு."

"இன்னைக்குச் செவ்வாய். டாக்டரம்மா வர்ற நாளு இல்ல."

"எடு. தரையில வையி."

"தரையிலயா?"

"தரையில. எங்காலுக்கு நேரா."

டாக்டரம்மா எடுத்தபோது வாயில் சோறு இருந்தது. காலை பத்தரைக்குத்தான் அவளுக்குச் சாப்பிட நேரம் வாய்த்திருக்கும் போல. "என்ன பெரியம்மா? விழுந்துட்டாங்களா?"

"விழல. நீங்க சாப்பிட்டு முடிங்க."

"சொல்லுங்க."

லம்யாய் சொல்லவில்லை. போனைச் சட்டியில் சாய்த்து வைத்தாள். புன்தாம் வலது கையைத் தூக்கி நெற்றிவரை கொண்டுபோய், "மன்னிச்சிருங்க டாக்டரம்மா, உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்" என்றான். இடது காலை அவள் இரண்டு கையாலும் தூக்கி, விரல்கள் திரையைப் பார்க்கும்படி வைத்தாள். பாதம் கீழ்நோக்கி வளைந்து, மரத்தில் செதுக்கி விட்டது போல நின்றது.

"விரலைத் தூக்குங்க" என்றாள் டாக்டரம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

ஒன்றும் தூக்கவில்லை.

"இதுதான் அந்தக் கால்" என்றாள் லம்யாய். "அன்னைக்குக் காட்டுனது நல்ல கால். நாங்க இருபது தடவ செய்யல. உப்பு வாரப் போயிட்டேன். ஒரு மாசம் ஒரு தடவகூடச் செய்யல."

போனில் அவள் சோற்றை மெல்லுவது நின்றிருந்தது. திட்டுவாள் என்று இருவரும் குனிந்து காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெருவிரல் இருந்த பக்கத்த நான் அன்னைக்கே பாத்தேன் பெரியம்மா" என்றாள். "உங்க சீட்டுல இடதுன்னு எழுதியிருக்கு. படத்துல வலது. போன்ல படம் கண்ணாடி மாதிரி இடம் வலமாத் திரும்பித் தெரியும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது திரும்பாதுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு நீங்க பதினாலாவது வீடு. பதிமூணு வீட்டுலயும் அழுகை. ஒரு கால் நல்லாருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு."

புன்தாம் தலை நிமிரவில்லை. மூன்று பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரபியப்புன்னு ஒரு அம்மா" என்றாள் லம்யாய். "அவங்ககிட்ட இன்னும் அழுத்தச் சொல்லிட்டேன். அவங்க புருசன் கத்துனாலும் அழுத்தச் சொல்லிட்டேன். அதை மொதல்ல தடுங்க."

"இப்பவே கூப்பிடுறேன். படத்தையும் எடுத்துடுறேன்."

"எடுக்காதீங்க. நானே எழுதிப் போடுறேன். எழுத நேரமாவும், ஆனா போட்டுருவேன்."

"சரி. அதுக்கு முன்னாடி பெரியப்பா நிக்கட்டும். தூணைப் பிடிச்சுக்கிட்டு. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவுல எத்தனை விரல் போகுதுன்னு பாருங்க. விரலைப் பக்கத்துல பக்கத்துல வச்சு இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி."

அவன் நின்றான். தொடை நடுங்கியது. லம்யாய் கன்னம் தரையில் படக் குனிந்து விரல்களை அடுக்கிச் செருகினாள். இரண்டு போயிற்று. இரண்டு என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாக்கு பழகியிருந்தது. மூன்றாவது விரலையும் அடுக்கிப் பார்த்தாள். இடம் இருந்தது.

"மூணு."

"நாலாவது?"

"போகல."

"மூணு" என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். "மூணுங்கறது அதிகம் பெரியம்மா. நான் பொய் சொல்ல விரும்பல. மாவுக்கட்டு போட்டுப் போட்டு இறக்கப் பாக்கணும், ஆஸ்பத்திரி எப்பத் திறக்கும்னு எனக்கே தெரியல. முழுசா இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அதுவரைக்கும் தினம் செய்யுங்க. தினம் காலையில அளந்து அனுப்புங்க. குறையலன்னாலும் அனுப்புங்க."

லம்யாய்க்கு நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்து வந்தது. மகள் பள்ளிப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. போனில் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நாற்பது வீடும் பார்க்கிற அந்தக் குழுவில், பதினொரு வினாடிப் படத்துக்குக் கீழேயே போட்டாள்.

இது நல்ல கால். வாதம் வந்தது இடது கால். நான் செய்யவில்லை, செய்தேன் என்று சொன்னேன். இன்று குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று விரல். லம்யாய்.

படித்தவர்கள் கணக்கு ஏறிக்கொண்டே போனது. இருபது. முப்பத்தொன்று. கும்பிடுகிற கை ஒன்றுகூட வரவில்லை. சம்னியன் படித்துவிட்டாள் என்பது, சாயங்காலம் தெருவில் வந்தவள் இந்த வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் சூடு பார்த்ததில் தெரிந்தது.

லம்யாய் பாயில் உட்கார்ந்து குதிகாலை ஏந்தி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு, பதினெட்டு. அவன் பாதம் அவள் முன்கையில் ஒட்டிக் கிடந்தது. இப்போது அவன் அதை இழுத்துக்கொள்ளவில்லை. முப்பதில் விடும்போது போன் ஒளிர்ந்தது.

"யாரு?" என்றான்.

"ரபியப்பக்கா."

"என்ன எழுதியிருக்கு?"

அவள் மனதுக்குள் ஒரு தடவை வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு அவனுக்குச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

"எங்கள் வீட்டில் இரண்டு விரல். நீ சொன்னபடி அழுத்தியதில் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. அவர் என்னைத் தொடவிட மாட்டேன் என்கிறார். வீக்கம் வடிந்ததும் மறுபடி அளந்து போடுகிறேன். நீயும் நாளைக்குப் போடு."

"அவ்வளவுதானா?" என்றான் புன்தாம்.

"அவ்வளவுதான். ஒண்ணும் விடல. எல்லாத்தையும் வாசிச்சிட்டேன்" என்றாள் லம்யாய். குதிகாலைத் திரும்ப ஏந்தி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.